சிறு கப்பலில் சிக்லுஃபியோர்துர்: விசா வாங்குவது முதல் திரும்பிக் கப்பல் ஏறுவது வரை

பெயரை முதலில் நாக்குக்குப் பழக்கிவிடுங்கள்: சிக்லுஃபியோர்துர். உள்ளூர்க்காரர்களே சுருக்கி ‘சிக்லோ’ என்றுதான் சொல்கிறார்கள், இனி நானும் அப்படியே எழுதுகிறேன். ஐஸ்லாந்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, மலைகளுக்கு நடுவில் ஒடுங்கிய கடற்கழியில் இருக்கும் மீன்பிடி ஊர். ஆயிரத்து இருநூறு சொச்சம் பேர் வசிக்கிறார்கள். ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் சிறு கப்பல்கள், அதாவது நூறு, இருநூறு பேர் மட்டும் ஏறுகிற கப்பல்கள், பலவும் இங்கே அரை நாள் நிற்கும்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நானே தடுமாறினேன். இரண்டாம் முறை உறவு, நட்பு என்று பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் தடுமாறுவதைப் பார்த்தேன். கரையில் கிடைப்பது நாலைந்து மணி நேரம். ஊரோ கையளவுதான். ஆனாலும் பாதிப் பேர் பார்க்க வேண்டியதை, அதாவது ஹெர்ரிங் என்ற மீனின் அருங்காட்சியகத்தை, சரியாகப் பார்க்காமலே கப்பலேறினார்கள். காரணம் வரிசை தவறியதுதான்.

1. பணம் கட்டும் முன் விசாக் கணக்கு

எல்லோரும் கப்பலைப் பிடித்துவிட்டு விசாவுக்குப் போகிறார்கள். நீங்கள் பயண வரைபடத்தை விரித்து வைத்து, கப்பல் எந்தெந்த நாட்டு எல்லையைத் தாண்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

ஐஸ்லாந்து, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். தலைநகர் ரெய்க்யவிக்கில் ஏறி, ஐஸ்லாந்தை மட்டும் சுற்றி, ரெய்க்யவிக்கிலேயே இறங்கும் பயணம் என்றால் சிக்கல் இல்லை. நடுவில் கிரீன்லாந்தோ ஃபாரோ தீவுகளோ வந்தால் கதை மாறிவிடும். இரண்டும் டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்டவை, ஆனால் ஷெங்கனில் சேராதவை. அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி நுழைய, பல முறை நுழையும் விசா வேண்டும். அந்த இடங்களுக்கும் செல்லுபடியாகும் என்று குறிப்பிட்ட அனுமதியும் தனியாக வேண்டும். ஸ்காட்லாந்தில் தொடங்கும் பயணம் என்றால் பிரிட்டன் விசா வேறு.

எங்கள் குழுவில் ஒரு தம்பதி ஒற்றை நுழைவு விசாவோடு வந்து நின்றார்கள். முதலில் அவர்கள் பார்த்துவைத்தது கிரீன்லாந்து சேர்ந்த பயணம். பதிவு செய்துகொடுத்தவர் விசாவைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். கடைசி நேரத்தில் அதை ரத்துசெய்து எங்களோடு சேர்ந்துகொண்டதில் முன்பணம் போயே போய்விட்டது.

ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கப்பலில் டாக்டரைப் பார்த்தால் தனிக் கட்டணம், நடுக்கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் வீட்டை விற்கிற செலவு.

2. துறைமுகங்களை எண்ணாதீர்கள், மணிகளை எண்ணுங்கள்

‘பத்து நாளில் ஒன்பது துறைமுகம்’ என்ற விளம்பரம் ஆளை மயக்கும். அதில் சிக்லோவுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், கப்பல் கரையோர மேடையான ஜெட்டியில் கட்டுமா, கடலில் நங்கூரம் போட்டு ரப்பர் படகில் கரைக்குக் கொண்டுவிடுமா என்று கேளுங்கள். ஜெட்டியில் கட்டினால் நினைத்த நேரத்தில் இறங்கலாம், ஏறலாம். படகில் என்றால் போக வர ஒரு மணி நேரம் கரைந்துவிடும்.

சிறு கப்பலின் லாபமே ஊருக்குள் நேராகப் போய் நிற்பதுதான். இறங்கினால் பத்து நிமிட நடையில் எல்லாம். பஸ் வேண்டாம், வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் ஓடவும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கும்: வானிலையைப் பொறுத்து கேப்டன் துறைமுகத்தை மாற்றலாம். அது வெறும் சம்பிரதாய வரி இல்லை. முதல் முறை எங்கள் கப்பல் ஒரு துறைமுகத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டுக் காற்றுக்குப் பயந்து திரும்பியது. சிக்லோவுக்காக மட்டுமே ஒருவர் அத்தனை பணம் கட்டக் கூடாது என்பது என் கருத்து.

3. பை கட்டுதல்

ஜூலையில்கூடப் பகலில் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிரைவிடக் காற்றும் தூறலும்தான் ஆளை வாட்டும். அதனால் ஒரே தடித்த கோட்டு வேண்டாம். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜெர்கின் என்று அடுக்காகப் போடுங்கள். அருங்காட்சியகத்துக்குள் வேர்க்கும், ஜெட்டியில் நடுங்கும். கழற்றி மாட்ட வசதியாக இருக்கவேண்டும்.

குடை எடுத்துப்போகாதீர்கள். என் மச்சான் எடுத்து வந்தார். ஜெட்டியில் விரித்த மறுகணம் அது தலைகீழாகப் பூத்துக்கொண்டது, பயணம் முடிகிறவரை எங்களுக்குச் சிரிக்க அது போதும்.

கால்சட்டைக்கு மேல் போடும் மழைப்பேன்ட்டை எல்லோரும் மறக்கிறார்கள். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. செருப்போ வழுவழுத்த அடிப்பாகமுள்ள ஷூவோ ஆகாது, காரணம் ஆறாம் பகுதியில். கண்ணை மறைக்கும் துணிப்பட்டை ஒன்று வையுங்கள், ஜூன், ஜூலையில் அங்கே இரவே இருட்டாது. பணநோட்டு மாற்ற வேண்டியதில்லை, காபிக்கும் கார்டுதான்.

பருப்புப்பொடி, ஊறுகாய் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நெய், பால்கோவா வேண்டாம்: ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது.

4. கப்பலில் முதல் நாள் செய்யவேண்டிய மூன்று

முதலாவது பாதுகாப்புப் பயிற்சி. மிதவைச்சட்டையோடு குறித்த இடத்தில் போய் நிற்கவேண்டும். கட்டாயம், தப்பிக்க முடியாது.

இரண்டாவது, சைவக்காரர்கள் சமையல் தலைவரை நேரில் பார்த்துவிடுவது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் போட்டுவிடுவார்கள். ‘மீன், முட்டை, இறைச்சி இல்லை, சூப்பில் மீன் வேகவைத்த தண்ணீரும் இல்லை’ என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, குமட்டல் மாத்திரை. ரெய்க்யவிக்கிலிருந்து கடிகாரச் சுற்றாக வரும் கப்பல், மேற்கு ஃபியோர்டுகள் என்ற கடற்கழிப் பகுதியைத் தாண்டி ஹார்ன் முனையைச் சுற்றித்தான் சிக்லோ பக்கம் திரும்பும். அந்த இரவு திறந்த கடல். குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது, வருமுன் போடவேண்டும். எது, எத்தனை என்று ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். கேபின் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு.

5. முந்தைய மாலைக் கூட்டம்

சிறு கப்பல்களில் தினமும் மாலை அடுத்த நாள் திட்டத்தை விளக்குவார்கள். நம் ஆட்கள் அந்த நேரத்தில் டெக்கில் திமிங்கிலம் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒருவராவது போய் உட்காருங்கள். அங்கே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: கப்பல் கட்டும் நேரம், கடைசியாக ஏறவேண்டிய நேரம், அந்தக் காலத்தில் ஹெர்ரிங் மீனை உப்பிட்ட விதத்தைச் செய்துகாட்டும் காட்சி உண்டா, உண்டென்றால் எத்தனை மணிக்கு.

அந்தக் காட்சி கோடையில் குறித்த நேரங்களில் மட்டும் நடக்கும். கப்பல்காரர்கள் தங்கள் பயணிகளுக்கென்று ஏற்பாடு செய்வதும் உண்டு. உங்கள் அரை நாளுக்கு அதுதான் ஆணி. மற்ற எல்லாவற்றையும் அதில்தான் மாட்டவேண்டும். எங்கள் குழுவில் நாலு பேர் முதலில் காபிக் கடைக்குப் போய், நிதானமாக வந்து சேர்ந்தபோது தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

6. ஜெட்டியில்

இறங்கும்போது கேபின் அட்டையைப் படிக்கட்டில் காட்டவேண்டும். நீங்கள் வெளியே போனதும் திரும்பியதும் அதை வைத்துத்தான் கப்பலுக்குத் தெரியும். அடுத்தவர் அட்டையை மாற்றி எடுத்து வந்தால் தலை எண்ணிக்கை குழம்பும். கடவுச்சீட்டு பெரும்பாலும் ரிசப்ஷனில் இருக்கும். அதன் படம் உங்கள் போனில் இருக்கட்டும்.

சிக்லோ இன்றும் வேலை செய்கிற துறைமுகம். ஃபோர்க்லிஃப்ட் வண்டி மீன் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி வரும், ஓட்டுநர் உங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள். கட்டியிருக்கும் வடத்தைத் தாண்டாதீர்கள், அதன் அருகே நின்று படமும் எடுக்காதீர்கள். கப்பல் அசையும்போது தொய்ந்த வடம் சட்டென்று இறுகும். ஜெட்டி ஓரத்தில் பாசி படிந்திருக்கும், நல்ல ஷூ கேட்டது அதற்காகத்தான்.

இங்கே ஹெர்ரிங்குக்குப் பிறகு வந்த பிழைப்புகளில் ஒன்று இறால். இறால் ஓட்டையும் வீணாக்காமல் அதிலிருந்து கைட்டோசான் என்ற, மருந்துக்கும் அழகுப்பொருளுக்கும் பயன்படும் பொருளை எடுக்கும் பிரைமெக்ஸ் என்ற ஆலை இருக்கிறது. இறால் உரித்த ஓட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அது அருங்காட்சியகத்துக்குச் சமமான செய்தி.

7. அருங்காட்சியகம்: மீன் போன வழியே போங்கள்

வந்ததன் காரணமே இதுதான். ஹெர்ரிங் காலத்து அருங்காட்சியகம் முக்கியமாக மூன்று பெரிய கட்டடங்களில் இருக்கிறது. ஒரே சீட்டில் மூன்றையும் பார்க்கலாம். 2004-ல் ஐரோப்பாவின் சிறந்த புதிய தொழில் அருங்காட்சியகத்துக்கான மிக்கெலெட்டி விருது பெற்றது.

ஹெர்ரிங் என்பது நம் மத்தியின், தெற்கே சாளை என்கிறோமே அதன், குடும்பத்து மீன். கொஞ்சம் பெரியது, குளிர்கடல்காரன். 1903-ல் நார்வேக்காரர்கள் இங்கே வந்து ஹெர்ரிங் தொழிலைத் தொடங்கினார்கள். உச்சத்தில் இருபதுக்கு மேற்பட்ட உப்பிடும் நிலையங்களும் ஐந்து மீன்தூள் ஆலைகளும் ஊரில் இருந்தன. இன்றைய மக்கள்தொகையைப்போல் இரண்டரை மடங்கு பேர் இங்கேயே குடியிருந்தார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், உள்ளே போகலாம்.

கப்பல் கூட்டம் மொத்தமும் முதலில் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழையும். நீங்கள் அங்கே போகாதீர்கள். படகு வீட்டில் தொடங்குங்கள். கூட்டம் இருக்காது என்பது ஒரு காரணம். மீன் முதலில் வந்தது படகில்தான் என்பது பெரிய காரணம். பிடித்தது, உப்பிட்டது, மிஞ்சியதைக் காய்ச்சியது என்ற வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டடமும் அடுத்ததை விளக்கும். தலைகீழாகப் போனவர்கள் வெறும் இயந்திரத்தையும் கட்டிலையும் பார்த்துவிட்டு வந்தார்கள்.

படகு வீட்டுக்குள் வெளிச்சம் மங்கலாக இருக்கும். 1950-களின் துறைமுகத்தை அந்தி நேரத்தில் அப்படியே பிடித்து வைத்ததுபோல் பெரிதும் சிறிதுமாகப் படகுகளைக் கட்டியிருக்கிறார்கள். கண் பழக இரண்டு நிமிடம் நில்லுங்கள். பெரிய படகின் மேல் ஏறலாம். ஏறினால் வலையைத் தேடுங்கள். நம் கடற்கரையில் தகராறு கிளப்புகிற அதே சுருக்குமடிதான். ஆரம்பத்தில் ஆட்கள் கையால் இழுத்தார்கள். பிறகு இயந்திரக் கப்பி வந்தது, மீன் கூட்டத்தை ஒலியால் காட்டும் சோனார் வந்தது. மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் தேவைப்படும். அரை மணி போதும்.

அடுத்து அந்தச் சிவப்புக் கட்டடம், ரோவால்ட்ஸ்பிராக்கி. நார்வேக்காரர்கள் 1907-ல் கட்டிய உப்பிடும் நிலையம். கீழ்த்தளத்தில் பீப்பாய், கத்தி, படங்கள். பலரும் அதிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு மேலே போகாமல் திரும்புகிறார்கள். மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் கைப்பிடியை விடவேண்டாம். ஆனால் ஏறிவிடுங்கள்.

மேலே, மீன் உப்பிட வந்த பெண்கள் தங்கிய அறைகள். அடுக்குக் கட்டில், ஆணியில் தொங்கும் உடுப்பு, சுவரில் ஒட்டிய படங்கள், சமையல் சாமான்கள். வேலைக்குக் கூப்பிட்டுப் போயிருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று தோன்றும். படகு வந்தால் நடுராத்திரியிலும் எழுப்புவார்கள். மீன் காத்திருக்காது. எங்கள் அத்தை ஒரு கட்டிலின் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘இதுல எத்தனை பேரு படுத்தாளுங்களோ’ என்றார். கண்காட்சிப் பலகைகள் சொல்லாததை அவர் கேட்டுவிட்டார். இங்கே முக்கால் மணி கொடுங்கள்.

கடைசியாக கிரவ்னா, மீன்தூள், மீன் எண்ணெய் ஆலை. பீப்பாய்க்குப் போகாத மீன் இங்கே வரும். வேகவைத்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்து, சக்கையை உலர்த்தித் தூளாக்குவார்கள். இயந்திரங்களை அந்த வரிசையிலேயே பாருங்கள், மாற்றிப் பார்த்தால் எல்லாம் வெறும் இரும்பு. ஆலை ஓடிய காலத்தில் ஊரே நாறியிருக்கும். ஐஸ்லாந்துக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பணவாசம்’. கருவாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெளியே வரும்போது அந்த சோனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிப் பிடித்தார்கள், கூடவே கடலும் குளிர்ந்தது. 1960-களின் முடிவில் ஹெர்ரிங் வரவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளில் ஊர் பாதிக்கு மேல் காலியானது.

8. உப்பிடும் காட்சி

காட்சி நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே ரோவால்ட்ஸ்பிராக்கிக்கு வெளியே வந்துவிடுங்கள். மேற்சொன்ன வரிசையை வேண்டிய இடத்தில் அறுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு விட்ட இடத்தில் தொடரலாம். நீள மரத்தொட்டியின் பக்கவாட்டில் நில்லுங்கள். பின்னால் நின்றால் குனிந்த முதுகுதான் தெரியும்.

கையைப் பாருங்கள், முகத்தை அல்ல. குட்டைக் கத்தி, ஒரே இழுப்பில் தலையும் குடலும் போய்விடும். உப்பில் புரட்டி, பீப்பாய்க்குள் குனிந்து வரிசையாக அடுக்குவார்கள். பீப்பாய் நிறைந்தால் ஓர் ஆள் வந்து ஓர் உலோக வில்லையைக் கொடுப்பார். பெண் அதைத் தன் பூட்ஸுக்குள் போட்டுக்கொள்வாள். கை முழுக்க உப்பும் மீன் ரத்தமும், வேறு எங்கே வைப்பாள்? கூலி பீப்பாய்க் கணக்குத்தான். வேலை முடிந்து பூட்ஸைக் கவிழ்த்து எண்ணினால் அன்றைய சம்பளம்.

முடிவில் அக்கார்டியன் வாசித்து ஆடக் கூப்பிடுவார்கள். கூச்சப்படாதீர்கள், யாரும் சரியாக ஆடுவதில்லை. கறுத்த ரை ரொட்டியில் ஹெர்ரிங் துண்டு வைத்துத் தந்தால், ஊறுகாய் என்று நினைத்துக் கடிக்காதீர்கள். இனிக்கும். கூடவே வரும் சின்னக் கோப்பை பிரென்னிவின், சீமைச்சீரக வாசமுள்ள சாராயம். பிள்ளைகள் தண்ணீர் என்று எடுத்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

9. மீதி நேரத்தில் ஒன்றே ஒன்று

இன்னும் ஒரு மணி நேரம் மிஞ்சும். இரண்டு இடத்துக்கு ஆசைப்பட்டால் இரண்டும் கெடும்.

கால் வலு உள்ளவர்கள் ஊருக்கு மேலே, பனிச்சரிவைத் தடுக்கக் கட்டிய பெரிய மண் கரைகளுக்கு ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால் ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது, ஏன் இங்கே பயந்து வாழவேண்டியிருக்கிறது என்று இரண்டுமே தெரியும். பாட்டில் நாட்டமுள்ளவர்கள் நாட்டுப்புற இசை மையத்துக்குப் போகலாம். பியார்னி தோர்ஸ்டெய்ன்ஸன் என்ற பாதிரியார் சேகரித்த பாடல்களைச் சுற்றி அமைந்தது. நான் இரண்டு முறையும் மேலேதான் போனேன்.

கழி ஓரமாக நடந்தால் ஆர்க்டிக் ஆலாக்கள் தலையில் கொத்த வரும். கூடு இருக்கிறது என்று பொருள். உயரமான புள்ளியைத்தான் குறிவைக்கும். ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள்.

10. திரும்பி ஏறுதல்

கடைசி நேரத்துக்கு அரை மணி முன்னால் ஜெட்டியில் இருங்கள். போனில் அலாரம் வையுங்கள். வெளிச்சம் மங்காத ஊரில் மாலை நாலும் ஆறும் ஒரே மாதிரி இருக்கும், கடிகாரம் பார்க்கத் தோன்றாது. இன்னொரு பொறி: இந்திய நேரத்தையே கையில் கட்டியிருப்பவர்கள். ஐஸ்லாந்து நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையிலும் மாறுவதில்லை. எங்கள் பெரியப்பா கூட்டிக் கழித்ததில் ஒரு மணி நேரம் பிசகி, மழைப்பேன்ட் சரசரக்க ஓடிவந்தார்.

கப்பல் போயே விட்டால் பதறவேண்டாம். அன்றைய திட்டத்தாளில் துறைமுக முகவரின் எண் இருக்கும், காலையிலேயே படம் எடுத்து வையுங்கள். அடுத்த துறைமுகம் பெரும்பாலும் அக்குரேரி. 2010-ல் திறந்த சுரங்கப்பாதைகள் வழியே சாலையில் 80 கிலோமீட்டருக்குள்தான். அடுத்தது கிரிம்ஸே தீவு என்றால் கஷ்டம், அங்கே போகச் சாலை கிடையாது. ஆகையால் அடுத்த ஊர் எது என்று காலையிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

படிக்கட்டில் அட்டையைக் காட்டுமுன் ஷூ அடியைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மீன் செதிள் ஒட்டியிருந்தால் கேபின் கம்பளம் இரண்டு நாளைக்குப் பணவாசம் வீசும்.